லொக்காவுக்குக் கொடுத்த மாத்திரை

ராகலையிலிருந்து பஸ் போகிற ரோட்டை விட்டு மேலே ஏறினால் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல்பிரிவான மேற்கணக்கில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான லயங்களில், கடைசி லயத்தின் தொங்கல் காம்பராவில் இருக்கிறாள் நாகலெட்சுமி. அவளைத் தேடிப் போய் வழி கேட்டால், “நாய்க்கு மன வருத்தம்னு டாக்டர்கிட்ட தூக்கிக்கிட்டுப் போனாளே, அவளா?” என்று சிரித்துக்கொண்டே கையைக் காட்டுவார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நடந்ததை முழுதாகக் கேட்ட பிறகும் ஒருவருக்குச் சிரிப்பு வருமானால் அவர் நெஞ்சு கல் நெஞ்சு, வேறென்ன சொல்ல.

அவள் பிறந்தது அந்தத் தோட்டம், வாக்கப்பட்டதும் அந்தத் தோட்டம்தான். கீழ்லயத்திலிருந்து மேல்லயத்துக்குப் போகிற தூரம்தான் அவள் கல்யாண ஊர்வலம். விவரம் தெரிந்த நாளாய்க் கொழுந்து பறித்தாள். வாய் கொஞ்சம் நீளம். கங்காணி தராசில் கையை வைத்தால் அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டுவிடுவாள். ஆனால் யாராவது ‘அத்தை’ என்று உரிமையோடு வந்து நின்றால் போதும், அந்த வாய் அப்படியே அடங்கிப்போகும். இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் யோசிப்பாள். அந்தக் குணம்தான் அவளைக் கவிழ்த்தது.

புருஷன் பொன்னையா நேர் எதிர். வேலைத்தலத்தில் துரைமார் என்ன ஏசினாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். ஒரு தடவை கினிகத்தேனையில் அக்கா வீட்டுக்குப் போனவன், திரும்பி வரும்போது மரக்கறிப் பைக்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்து பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டான். அதற்கு லொக்கா என்று பெயர் வைத்தான். சிங்களத்தில் லொக்கா என்றால் பெரியவர், அதிகாரம் பண்ணுகிறவர். பகலெல்லாம் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷன் பொழுது சாய்ந்து வந்து, “டேய் லொக்கா, திருட்டுப் பயலே, மரியாதையா நகந்து படு” என்று ஆசை தீர ஏசுவான். லொக்கா வாலை ஆட்டிக்கொண்டு நகர்ந்து படுக்கும். நாகலெட்சுமிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். பிள்ளை என்று லோஜினி ஒருத்திதான். அவளும் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போன பிறகு, வீட்டில் சத்தம் என்று இருந்தது இந்த ஏச்சும் குரைப்பும்தான்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற காலத்தில் ஒருநாள் மேல்மலையில் குளவி கிளம்பிவிட்டது. எல்லாரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பொன்னையா தண்ணீர் ஓடுகிற கானில் கால் இடறி விழுந்தான். விழுந்தவனை விட்டு லொக்கா ஓடவில்லை. அவன் மேலேயே நின்று குளவியைக் கடிக்கப் பார்த்தது, பாவம், குளவியைக் கடிக்க முடியுமா? கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்பிய பொன்னையா உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. முகமெல்லாம் வீங்கிக் கண் திறக்க முடியாத நாய், அந்த லொறிக்குப் பின்னால் மெயின் ரோடு வரைக்கும் ஓடியது.

அதோடு லொக்காவுக்குத் தனியாக இருக்க முடியாமல் போயிற்று. நாகலெட்சுமி குழாயடிக்குப் போனால் கூடவே வரும். மலைக்குப் போனால் கூடவே வந்து, மரத்தடியில் அவள் கொழுந்துக் கூடையைப் பார்த்தபடி படுத்திருக்கும். கூட இருக்கிற வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அப்படியே ஓடியிருக்கும் காலம். முழங்கால் வந்து கெடுத்தது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கொழுந்துக்கு இனி லாயக்கில்லை என்று ஆகிவிட்ட நேரத்தில்தான் திலக்ஷன் வந்தான்.

இந்தத் திலக்ஷன் யாரென்றால் கீழ்லயத்துக் காளியாயியின் மகன். தகப்பன் குடித்துவிட்டு விழுந்து கிடக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்து நாகலெட்சுமி வீட்டு அடுப்படியில் ரொட்டி தின்று வளர்ந்த பையன். படித்து, நுவரெலியாவில் ஹோட்டல் வேலை பழகி, இப்போது கழுத்தில் டையும் காலில் மினுங்குகிற சப்பாத்துமாய் வந்து நின்றான். பழைய துரை பங்களாவைக் கொழும்பு முதலாளி ஒருவர் எடுத்து ஹோட்டல் ஆக்கியிருந்தார். அதற்கு இவன் மேனேஜர். “அத்தை, மலை ஏற வேணாம். வெயில் மழை இல்ல. ரூம் கூட்டணும், கெஸ்ட்டுக்கு டீ குடுக்கணும், அவ்வளவுதான்,” என்றான். நாகலெட்சுமி அவன் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அவன் மனதாரத்தான் செய்தான்.

பங்களாவுக்குள் நாய் வரக்கூடாது. லொக்காவைக் காம்பராவுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போனாள். அவ்வளவுதான், ஊளை தொடங்கியது. கதவைப் பிறாண்டிப் பிறாண்டி நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. பலகையைக் கடித்துக் குதறியது. அவள் திரும்பி வந்தால் மூத்திரம் போய்விடுகிற அளவுக்கு நடுங்கும். காம்பராவுக்குள் பூட்டினால் செத்துவிடும்போல இருக்கிறதே என்று பயந்து, வெளியே கொய்யா மரத்தடியில் கயிற்றால் கட்டினாள். அங்கேயும் ஊளைதான்.

பகலில் ஊளை போதாதென்று பொழுது சாய்கிற நேரத்தில் வேறொரு குரைப்பு. லயத்துக்கு மேலே தேயிலை, அதற்கு மேலே யூக்கலிப்டஸ் காடு. அந்தக் காட்டைப் பார்த்துப் பிடரி மயிர் சிலிர்க்கத் தொண்டை கிழியக் குரைக்கும். அங்கே சிறுத்தைப் புலி நடமாடுவது தோட்டத்துக்கே தெரியும். கீழ்லயத்தில் நாய்கள் காணாமல் போனதும் தெரியும். மேல்லயத்தில் மட்டும் ஒரு நாயும் போகவில்லை. அது ஏன் என்று லயத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சின்னப் பிள்ளைகளை மட்டும் லொக்கா குரைக்கத் தொடங்கியதும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவே ஓடும் ஓடை ஒன்றுதான். பங்களாப் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிரே லயத்துக் கொய்யா மரமும் தேயிலையும் காடும் படம் எடுத்து மாட்டினாற்போலத் தெரியும். பொழுது சாய்கிற அந்த நேரத்தில்தான் விருந்தாளிகள் அங்கே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். குடித்துவிட்டு போனில் எழுதுவார்கள். பனி அருமை, சாப்பாடு அருமை, நாய்ச் சத்தம்தான் தாங்க முடியவில்லை. அடேயப்பா, தோட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தோட்டத்துச் சத்தம் கேட்கக்கூடாதாம்.

திலக்ஷன் முதலில் தன்மையாகச் சொன்னான். பிறகு கொழும்பிலிருந்து முதலாளி போனில் கத்தியிருக்க வேண்டும், முகம் செத்துப்போய் வந்தான்.

“அத்தை, ஒண்ணு நாய் வாய மூடணும். இல்லாட்டி நாயக் கொண்டுபோய் எங்கயாவது விட்ரணும். ரெண்டும் முடியாதுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்.”

“எங்கடா விடச் சொல்ற? ஒன் மாமா இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப பக்கத்துல நின்னது அது ஒண்ணுதான்.”

“எனக்குத் தெரியாதா அத்தை? நான் என்ன பண்ணட்டும்?” என்றான் அவன்.

லயத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டச் சொன்னாள். கட்டியும் பார்த்தாள், அதை லொக்கா கடித்துத் தின்றுவிட்டது. கடைசியில் அழகுமுத்துவின் ஆட்டோவைப் பிடித்து, டவுனில் இருக்கிற மிருக வைத்தியரிடம் கொண்டுபோனாள். போகிற வழியில் லொக்கா சீட்டெல்லாம் வாந்தி எடுத்தது. “அடுத்த தடவ பெரியவர நடந்தே வரச் சொல்லுங்க,” என்றான் அழகுமுத்து.

வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பெண், சிவகௌரி என்று பெயர். நாகலெட்சுமி சொல்லச் சொல்லக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். நாயின் நகங்களைப் பார்த்தாள். பொன்னையா செத்த கதையையும் கேட்டாள், நாய்க்குப் பார்க்க வந்த இடத்தில் அதையெல்லாம் ஒருத்தி கேட்பாள் என்று நாகலெட்சுமி நினைக்கவே இல்லை. அடக்கி வைத்திருந்த அழுகை அங்கே வந்துவிட்டது.

“இது கள்ளத்தனம் இல்லை அம்மா, வருத்தம்தான்,” என்றாள் டாக்டர். “தனிய விட்டா நீங்களும் திரும்பி வரமாட்டியள் எண்டு பயப்பிடுது. இந்தக் குளிசையை ஒவ்வொரு நாளும் சாப்பாட்டோட குடுங்கோ. ஒரு மாசம் போனாத்தான் வித்தியாசம் தெரியும். தெரியேல்லை எண்டு நடுவில நிப்பாட்டிப் போடாதேங்கோ. லீவு நாளில கொஞ்ச நேரம் வெளிய போயிட்டுத் திரும்பி வந்து பழக்குங்கோ. நீங்கள் திரும்பி வருவியள் எண்டு அது படிக்கவேணும்.”

“அந்தி நேரத்துல கொலைக்கிறதுக்கும் இதே மாத்திரைதாங்களா டாக்டர்?”

“என்னத்தைப் பாத்துக் குரைக்குது?”

“மேல காட்டுல புலி இருக்குங்க.”

“அப்ப அது தன்ர வேலையைச் செய்யுது. அதுக்கு நான் மருந்து தரமாட்டன்,” என்றாள் சிவகௌரி. “ஆராவது மயக்கக் குளிசை தந்தாலும் குடுத்திடாதேங்கோ. அது பயத்தைப் போக்காது. பயம் உள்ளுக்க அப்பிடியே இருக்கும், கத்தத்தான் ஏலாது.” தன் போன் நம்பரையும் மாத்திரை உறையிலேயே எழுதிக் கொடுத்தாள்.

இதைவிடத் தெளிவாக ஒருத்தி சொல்ல முடியாது. ஆனால் தோட்டத்து வைத்தியத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. டிஸ்பென்சரிக்குப் போனால் என்ன நோவு என்றாலும் இரண்டு மூன்று நாளைக்குத்தான் மாத்திரை. அதற்குள் எழுந்து மலைக்குப் போகவேண்டும், போகாவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. ஆக, மாத்திரை என்றால் போட்ட மறுநாள் ஆளைத் தூக்கி நிறுத்தவேண்டும். நிறுத்தாவிட்டால் அது மாத்திரை இல்லை, சுண்ணாம்புக்கட்டி. ஒருத்தர் நோவுக்குக் கேட்ட, அதாவது குணம் காட்டிய, மாத்திரையை லயமே பங்கு போட்டுக்கொள்ளும், கேட்காத மாத்திரை கானுக்குள் போகும். தலைமுறை தலைமுறையாக அப்படியே வாழ்ந்தவர்களிடம் ஒரு மாதம் பொறு என்றால்?

இருந்தும் நாகலெட்சுமி பொறுத்தாள். ரொட்டித் துண்டுக்குள் மறைத்துத் தினமும் கொடுத்தாள். லீவு நாளில் டாக்டர் சொன்னபடி குழாயடி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்தாள். “நாய்க்குப் பாடம் நடக்குதுடியோவ்,” என்று லயத்துப் பெண்கள் கேலி பண்ணினார்கள். மாதம் முடிகிற சமயத்தில் பகல் ஊளை மெல்ல மெல்லக் குறைந்ததும் உண்மை. வேலை முடிந்து வருகிறவளை லொக்கா நடுங்காமல் எழுந்து வந்து மோந்து பார்த்த அன்றைக்கு, அவள் அதன் தலையைக் கட்டிக்கொண்டு கொய்யா மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது, அதில் சந்தேகமே இல்லை.

யாருக்கு வேண்டும் அது? பகல் ஊளையைக் கேட்க விருந்தாளிகள் இல்லை, அவர்கள் நீர்வீழ்ச்சி பார்க்கப் போய்விடுவார்கள். அந்திக் குரைப்புத்தான் அவர்களுக்குக் கேட்டது. அது ஒரு பிசகு இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

“எங்க அத்தை, மருந்து குடுக்கிறேன் குடுக்கிறேன்னீங்க, அப்படியேதான இருக்கு?”

“அது வேற கொலைப்பு தம்பி. டாக்டரம்மா சொன்னாங்க, அது காவலுக்குக் கொலைக்கிறதாம்.”

“கெஸ்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்,” என்றான் திலக்ஷன். “ஏப்ரல் சீசன் வருது. அதுக்குள்ள முடிவு சொல்லுங்க.”

சீசனுக்கு முன்னால் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஷாமிலா என்று ஒரு மேடம் வந்தாள், வெள்ளைப் பூனை ஒன்றைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு. நல்ல பெண். ரூம் கூட்டுகிறவளையும் உட்காரச் சொல்லிப் பேசுகிற குணம். ஓடைக்கு அப்பால் குரைக்கிற நாய் யாருடையது என்று கேட்டு, கதையைத் தெரிந்துகொண்டு மனம் இரங்கிப்போனாள்.

“எங்க பூனையும் இப்படித்தான். இந்த ரோட்டு வளைவெல்லாம் கத்திக் கத்தி உயிர எடுத்துரும். கார்ல ஏற முந்தி இதுல கால் வாசி குடுத்தா சத்தமே இல்ல,” என்று மிச்சமிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். “ஒங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுங்க. நாய்க்கு எவ்வளவுன்னு எனக்குச் சரியாத் தெரியாது.”

கேட்டிருக்கலாம். நம்பர் கையில் இருந்தது. டாக்டரம்மா கொடுக்காதே என்று சொன்ன மாத்திரையைக் கொடுக்கலாமா என்று எந்த வாயால் கேட்பது? ஏசுவாள் என்று பயம். நேரில் போகலாம் என்றால், சீசன் நெருங்குகிறது என்று திலக்ஷன் லீவு தரவில்லை. அப்படியே அந்த அட்டை நாலைந்து நாள் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. ஒருநாள் அந்திக் குரைப்பின் நடுவே திலக்ஷன் அவளைப் பார்த்த பார்வையில், மறுநாள் அதை எடுத்துவிட்டாள். முழு மாத்திரையாகவே கொடுத்தாள். இரண்டு மருந்து சேர்ந்தால் உடம்புக்கு ஆகாதே என்று டாக்டர் கொடுத்ததை அன்றோடு நிறுத்தியும் விட்டாள். தோட்டத்துப் பழக்கம், கேட்கிற மாத்திரையை வைத்துக்கொண்டு கேட்காத மாத்திரையைத் தள்ளினாள்.

கேட்டது என்றால் அப்படிக் கேட்டது. சற்று நேரத்தில் லொக்காவின் தலை தொங்கியது. கண்ணில் பாதியை ஒரு சவ்வு வந்து மூடியது. பொழுது சாய்ந்தபோது எழுந்து காட்டைப் பார்த்தது, பின்னங்கால் தள்ளாடி மறுபடி படுத்தது. சத்தம் இல்லை. புல்வெளியில் விருந்தாளிகள் நிம்மதியாக டீ குடித்தார்கள். திலக்ஷன் சமையலறைக்கே வந்து, “அத்தை, நீங்க பெரிய ஆளு,” என்று சொல்லிச் சிரித்தான். மாத்திரை முடிந்தபோது, கொழும்பிலிருந்து வருகிற வேனில் சொல்லி அவனே வரவழைத்தும் கொடுத்தான். நாய் வளர்க்க ஹோட்டல் இவ்வளவு அக்கறை காட்டியதைப் பார்த்து லயத்தில் பொறாமைகூடப் பட்டார்கள், கேட்டீர்களா?

நாகலெட்சுமிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. வேலை முடிந்து வந்து லொக்காவின் முதுகில் கையை வைத்தால் உள்ளே நடுக்கம் ஓடிக்கொண்டிருக்கும். காட்டுப் பக்கம் காது விறைத்து நிற்கும். தொண்டை அசையும், சத்தம் வராது. டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. “தம்பி, போதும்டா, நிப்பாட்டிடுறேன்,” என்று திலக்ஷனிடம் போய் நின்றாள். “சீசன் முடியிற வரைக்கும் அத்தை, எனக்காக,” என்றான். அத்தை என்று சொல்லிவிட்டானே. தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்து பங்களா நிறைந்து வழிந்த ஒரு நாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது, வெளிச்சம் இன்னும் போகவில்லை. நாகலெட்சுமி உளுந்து வடைத் தட்டை ஏந்திக்கொண்டு புல்வெளியில் நாற்காலி நாற்காலியாகக் கொடுத்து வந்தாள். யாரோ ஒரு விருந்தாளி மூச்சை இழுத்துப் பிடித்துக் கையை நீட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

தேயிலைக்கு நடுவே சிறுத்தை இறங்கி வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. லயத்துக்காரர்கள் அடுப்படியில் இருந்தார்கள், குரைப்புச் சத்தம் கேட்காததால் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கொய்யா மரத்தடியில் லொக்கா எழுந்து நின்றது. பார்த்துவிட்டது. கயிறு இழுபட முன்னால் போய், வாயைத் திறந்தது. திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. கால் மடிந்து, மறுபடி எழுந்து, மறுபடியும் வாயைத் திறந்தது.

தட்டு எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. அது முழுதாக வெளியே வருவதற்குள் திலக்ஷன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான்.

“சத்தம் போடாதீங்க அத்தை. எல்லாரும் வீடியோ எடுக்கிறாங்க.”

அவனை உதறித் தள்ளிவிட்டு, வலிக்கிற முழங்காலோடு ஓடைக்குள் இறங்கி ஏறினாள். மரத்தடியில் அறுந்த கயிறு கிடந்தது. மேலே தேயிலைச் செடிகள் ஒரு வரிசையாக அசைந்து, காட்டோரத்தில் நின்றுபோயின. பின்னால் பங்களாவில் கைதட்டுகிற சத்தம் கேட்டது. ஆமாம், கைதட்டினார்கள். நல்லவர்கள்தான், குடும்பத்தோடு வந்தவர்கள்தான். வாழ்நாளில் காணக் கிடைக்காததைக் கண்ட சந்தோஷம் அவர்களுக்கு.

அந்த வீடியோ நாடெல்லாம் ஓடியது. லோஜினி கொழும்பில் கடைக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்மா, இது நம்ம கொய்யா மரமா?” என்று போனில் அழுதாள்.

சில நாள் கழித்து ராகலை பஸ் ஸ்டாண்டில் சிவகௌரி டாக்டர் நாகலெட்சுமியை அடையாளம் கண்டு நின்றாள்.

“எப்பிடி அம்மா நாய்? கத்துறது குறைஞ்சிட்டுதோ?”

“இப்பக் கத்துறதே இல்லைங்க டாக்டர்.”

“பாத்தியளே, பொறுமையாக் குடுத்தா மருந்து கேக்கும்,” என்று டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிவிட்டு பஸ் ஏறினாள். நாகலெட்சுமி வந்த காரியத்தை மறந்து, மரக்கறிக்கடைப் படிக்கட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பங்களாவில் இப்போது ரூம் கிடைப்பதில்லை. புல்வெளியில் நாற்காலிகளை ஓடைப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள், புலி எப்போது வரும்? புலி வரவில்லை. அது எதற்கு வரும், மரத்தடியில்தான் ஒன்றும் இல்லையே. திலக்ஷன் சமையலறைக்கு வந்து, கழுவுகிற பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அத்தை, வீட்ல ஒத்தையா இருக்கீங்க. இன்னொரு நாய் வச்சுக்கிட்டா என்ன? நான் கொண்டாந்து தாறேன். அதே எடத்துல கட்டிக்கலாம். மாத்திரையும் மிச்சம் இருக்கு.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். “ஒனக்கு ரொட்டி சுட்டுப் போட்ட கைடா இது,” என்றாள். அப்படியே வெளியே வந்தாள். மறுநாள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு, கொழுந்து மலைக்குப் போய் நின்றாள். கங்காணி பேர் போட்டுக்கொண்டான்.

அவள் விட்ட வேலையைப் பேச்சியம்மா பிடித்தாள். கூடவே ஒரு செவலை நாயும் வந்து சேர்ந்தது, கொய்யா மரத்தடியில் கட்டப்பட்டது. மீன் தலைக்குள் மாத்திரை வைத்துக் கொடுத்தாள் பேச்சியம்மா. “நான் என்னக்கா செய்ய? மகனுக்கு வேலை இல்ல, அவருக்கு இழுப்பு,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். அவளோடு என்ன சண்டை போடுவது? தானும் இதே வேலைக்காக இதையேதானே செய்தாள். அந்த நினைப்புத்தான் நாகலெட்சுமியைத் தின்றது.

அதனால் அவள் செய்தது இதுதான். பொழுது சாய்ந்தால் ஒரு பிஸ்கட் தகரத்தையும் விறகுக் கட்டையையும் எடுத்துக்கொண்டு, செவலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். நாய் தலை தொங்கிக் கிடக்கும். அவள் காட்டைப் பார்த்துத் தகரத்தைத் தட்டுவாள். வெளிச்சம் போய், பங்களாவில் எல்லாரும் உள்ளே எழுந்து போகிற வரைக்கும் தட்டுவாள். மலையில் நாளெல்லாம் நின்ற உடம்பு, கை ஓய்ந்து போகும். ஆனாலும் தட்டுவாள். லயத்துப் பிள்ளைகள் அந்தச் சத்தம் கேட்டு உள்ளே போகப் பழகிவிட்டன. புலி இந்தப் பக்கம் தலை காட்டவே இல்லை.

ஒருநாள் திலக்ஷன் ஓடையைத் தாண்டி வந்தான். சப்பாத்தெல்லாம் சேறு.

“அத்தை, என்ன இது? தெனமும் தகரம் தட்டுனா கெஸ்ட் எல்லாம் எங்கிட்டதான கேக்குறாங்க. ஒங்களுக்கு என்னதான் செய்யுது?”

நாகலெட்சுமி கட்டையைக் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“பயமா இருக்கு தம்பி. பொழுது சாஞ்சா மனசு ஒரு நெலையில இல்ல. ஒங்கிட்டதான் மாத்திரை இருக்கே, எனக்கும் ரெண்டு குடு. நானும் சத்தமில்லாமப் படுத்துக்கிறேன்.”

அவன் திரும்பிப் பங்களாவைப் பார்த்தான். எதிரே புல்வெளியில் நாற்காலிகளில் ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் கட்டையை எடுத்துத் தகரத்தைத் தட்டத் தொடங்கினாள்.